எழுபது பார் சும்மா இரு

ஒன்னு, ரெண்டு மூணு நாலு. ரெண்டு, ரெண்டு மூணு நாலு. மூணு, ரெண்டு மூணு நாலு. இப்படித்தான் எண்ணோணும், முதல் நம்பர் எத்தனாவது பார்னு நெனப்புல வெச்சுக்கறதுக்கு, மத்த மூணும் தாளத்துக்கு. பார்னா பெரிய சங்கதி ஒன்னும் இல்ல, நோட்ஸ் தாள்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல நாலு தட்டு, அவ்வளவுதான். எழுபது பார் எனக்கு வேலையே இல்ல, மேடையில உக்காந்து சும்மா இருக்கோணும், எழுபத்தொன்னாவது பார் பொறக்கறப்ப நான் மட்டும் தனியா இந்த ஹார்னை, வட்டமாச் சுருட்டின பித்தளைக் குழாயை, தூக்கி ஊதோணும். நாலு, ரெண்டு மூணு நாலு. வாசிக்கறது பெரிசில்ல மிதுனா, சும்மா இருக்கறதுதான் கஷ்டம்னு எங்க பேண்டு மாஸ்டர் அகஸ்டின் சார் சொன்னப்ப நாங்கெல்லாம் சிரிச்சோம். சிரிச்ச வாயில இப்ப எச்சில்கூட ஊற மாட்டேங்குது. யுனிவர்சிட்டி ஆடிட்டோரியத்து ஏ.சி.யில பித்தளை ஜில்லுன்னு ஆயிருச்சு, குழாய் ஆறிப்போனா சுருதி இறங்கிரும், அதனால சத்தம் வராம உள்ளுக்குள்ள மூச்சு விட்டுச் சூடு பண்ணிட்டே இருக்கேன். அஞ்சு, ரெண்டு மூணு நாலு. பின்னால பிசிக்ஸ் பையன் மாரிம்பா மரக்கட்டைங்க மேல ஒரே நாலு சுரத்தைத் திருப்பித் திருப்பித் தட்டறான், கிளாரினெட் வரிசையில இருக்கற சட்டக் கல்லூரிப் பிள்ளைங்க அதுக்கு மேல ஒரு நீளச் சுரத்தைப் புடிச்சுட்டு மாத்தி மாத்தி மூச்சு வாங்கறாங்க, எழுபது பாரும் இதேதான், ஒரு மேடு பள்ளம் கிடையாது, இது இத்தனாவதுன்னு அடையாளம் வெச்சுக்க ஒரு மண்ணும் இல்ல. எந்தத் துறைக்காரங்களும் சேரலாம்னு நோட்டீஸ் ஒட்டினதால வந்து சேந்த கூட்டம் நாங்க, புல்லாங்குழல்ல அக்ரி பிள்ளைங்க, டியூபாவைக் கட்டிப் புடிச்சுட்டு தமிழ்த்துறை பிஎச்டி அண்ணன், ஹார்ன்ல சிவில் மூணாம் வருசம் நான், எனக்கு இடது பக்கம் நர்சிங் படிக்கற ஜெஸ்லின். ஏழு, ரெண்டு மூணு நாலு. ஆறு சொன்னனா. சொன்னேன், சொல்லாம ஏழு எப்படி வரும்.

எட்டு, ரெண்டு மூணு நாலு. அப்பா நாலாவது வரிசையில உக்காந்திருக்கார். பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன், பாத்துட்டேன். சத்தீஸ்கர்ல போர்வெல் போட்டுட்டு இருந்தவரு, ரிக் வண்டியை டிரில்லர்கிட்ட ஒப்படைச்சுட்டு ரயிலேறி வந்து, ஸ்டேஷன்லயே குளிச்சு வெள்ளைச் சட்டை மாத்திட்டு நேரா வந்துட்டார். காத்து வாத்தியம்ப்பான்னு போன்ல சொன்னப்ப, எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தத்துல காத்து கண்ணுன்னு கேட்டு அவரே சிரிச்சார், கம்ப்ரசர் கூடவே இருக்கற மனுசன் வேற என்னத்தைக் கேப்பாரு. ஒம்போது, ரெண்டு மூணு நாலு. சிரிப்பு எல்லாம் நாளைக்குக் காலை வரைக்கும்தான். நாளைக்குக் காலையில அவரை ஹெச்.ஓ.டி. ரூமுக்குக் கூட்டிட்டுப் போகோணும், அங்க அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேசைமேல வெச்சுட்டு, உங்க பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் பத்தலைங்க, டிடெய்ன் பண்ணிருக்கோம், பரீட்சை எழுத முடியாது, மூணாம் வருசத்தை ஜூனியருங்களோட உக்காந்து மறுபடி படிக்கட்டும்னு சொல்லும். அப்பாவுக்கு இது தெரியாது. கச்சேரிக்கு மட்டும் கூப்பிட்டேன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கார். பத்து, ரெண்டு மூணு நாலு. கபடிக்காரங்க ஊர் ஊராப் போனா ஓ.டி.ன்னு கிளாஸுக்கு வந்த கணக்காப் போட்டுத் தருவாங்க, எங்களுக்குத் தரமாட்டாங்க, இதெல்லாம் பொழுதுபோக்காம், அந்தம்மா சொல்லுச்சு. பொழுதா போக்கினேன். பதினொன்னு, ரெண்டு மூணு நாலு. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் கிளாஸ்ல ஒரு உத்தரம் வளையறதைக் கணக்குப் போட்டுட்டே இருப்பாங்க, எனக்கு ஒரு எழவும் புரியாது, சுத்தியும் எல்லாரும் எழுதிட்டே இருப்பாங்க, நெஞ்சு அடைச்சுக்கும், எந்திரிச்சு வெளிய வந்து பிராக்டிஸ் ரூமுக்குப் போயி இந்தக் குழாயை வாயில வெச்சு ஒரு நீளச் சுரம் புடிச்சாத்தான் நான் உசுரோட இருக்கறது எனக்கே தெரியும். அப்படிப் போனதுதான், போயிப் போயி வருசமே போயிருச்சு. பன்னெண்டு, ரெண்டு மூணு நாலு. என்கிட்ட இருக்கறது இது ஒன்னுதான். மொதல்ல அப்பா இதைக் கேக்கோணும், ஆடிட்டோரியம் மொத்தமும் மூச்சுப் புடிச்சு என்னை மட்டும் கேக்கறதை அவரு பாக்கோணும், அப்பறம் வெளிய மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, அப்பா, இதுக்காகத்தாம்ப்பான்னு சொல்லோணும். இது இல்லாம வெறுங்கையோட அந்தப் பேச்சை என்னால ஆரம்பிக்க முடியாது. அவரு திட்ட மாட்டார். திட்டினாத் தேவலையே, சரி கண்ணு, ஆகட்டும்னு சொல்லிட்டுத் தரையைப் பாத்துட்டு இருப்பார்.

பதினேழு, ரெண்டு மூணு நாலு. பதினெட்டு, ரெண்டு மூணு நாலு. அப்பா தூங்கறாரா. தலை சாஞ்சிருக்குது. முதல் உருப்படிக்கே வாயைத் தொறந்து தூங்கினாரு, அந்த மார்ச் பாட்டு முடிஞ்சு எல்லாரும் கை தட்டினப்ப திடுக்குனு முழிச்சு அவரும் தட்டினாரு, பக்கத்துல யாரோ கோட்டுப் போட்ட ஆளு, அவரைப் பாத்து அப்பா சங்கடமாச் சிரிச்சார். தூங்காதீங்கப்பா. இதுக்கு மட்டும் முழிச்சிருங்க. ரெண்டு மூணு நாலு. வருசம் போச்சுன்னு சொன்னா அவருக்குப் புரியாது, பொகை வந்துருச்சுன்னு சொன்னாத்தான் புரியும், தண்ணி இல்லாத எடத்துல குழி போட்டாப் பொகைதான் வரும், மேல மேல பைப்பை எறக்கிட்டே இருப்பாங்க, வெறும் பொகை, ஊரே சுத்தி நின்னு பாத்துட்டு இருக்கும், கடைசியில வண்டியைக் கட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுட்டுக் கிளம்போணும்னு ஒருக்கா சொன்னாரு, அதைச் சொன்ன அன்னைக்கு அவரு சோறு திங்கல. ரெண்டு மூணு நாலு. இருபத்து. இருபத்து மூணு. இருபத்து நாலு. இல்ல. நில்லு. தூங்காதீங்கன்னு நெனச்ச பாருக்கு நான் நம்பர் சொன்னனா. ரெண்டு மூணு நாலுன்னு வெறும் வாலை மட்டும் எத்தனை தாட்டி சொல்லிட்டு வந்தேன். தலை இல்லாம எண்ணீட்டு வந்திருக்கேன். கடவுளே. இருபத்து மூணா, இருபத்தாறா, முப்பது தாண்டிருச்சா. மாரிம்பா அதே நாலு சுரம், கிளாரினெட் அதே கோடு, எதைக் கேட்டு எங்க போய்ச் சேர்றது. சாரைப் பாக்கறேன், அவரு வழக்கம்போல இந்த எடத்துல கண்ணை மூடிட்டார். பட்டாளத்து பேண்டுல முப்பது வருசம் இருந்துட்டு வந்த மனுசன், எல்லாருக்கும் கை காட்டுவார், தனி வாசிப்புக்கு மட்டும் காட்ட மாட்டார், நான் கை காட்டி நீ வந்தா அது உன்ற வாசிப்பு இல்ல, என்ற வாசிப்புன்னு சொல்லுவார், அதுக்கு நாங்க எல்லாம் தலையாட்டினோம், பெரிய தத்துவம் கேட்ட மாதிரி. ஒரு தட்டு முந்தினாலும் பிந்தினாலும் போச்சு, எட்டு பார் தள்ளிப் புல்லாங்குழல் பதில் சொல்லும், அதுங்க அதுங்க கணக்குக்கு வரும், எனக்காகக் காத்துட்டு இருக்காது, என்ற சுரமும் அதுங்க சுரமும் முட்டிக்கும், மேடை மொத்தமும் கிழிஞ்சு தொங்கும், அப்பா பக்கத்துல அந்தக் கோட்டுக்காரர் என்னாச்சுன்னு திரும்பிப் பாப்பார். முப்பத்தொன்னுன்னு வெச்சுக்கலாம். வெச்சுக்கறதாம், என்ன இது காய்கறி பேரமா, வெச்சுக்கறதுக்கு. முப்பத்தொன்னு, ரெண்டு மூணு நாலு.

முப்பத்து ரெண்டு, ரெண்டு மூணு நாலு. ஜெஸ்லின் முட்டி மேல கை. நாலு விரல். நாலு விரலைத் தனியா நீட்டி, கட்டை விரலை மடிச்சு, முட்டி மேல அழுத்தி வெச்சிருக்கா. எங்க வழக்கம் அது, பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே கணக்கை எண்ணறவங்க பத்து பாருக்கு ஒரு விரல் முட்டி மேல காட்டிக்குவோம், இருபதுக்கு ரெண்டு, அறுபதுன்னா கையை முழுசா மூடிக்கறது, அதுக்கப்பறம் பத்துதான் பாக்கி. மூணு வருசமா அப்படித்தான், கணக்குத் தவறினவ தவறாதவ முட்டியைப் பாப்பா, தவறினது வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா இந்தக் கை பதினஞ்சு இருபது நாளா எனக்கு ஒன்னும் காட்டல. இந்தத் தனி வாசிப்பு அவளுது. பொங்கலுக்கு முன்னால இருந்து அவதான் பழகினா, அவங்கம்மாவுக்கு ஆப்பரேஷன்னு நாகர்கோவிலுக்குப் போனா, போன எடத்துல நாள் இழுத்துருச்சு, சார் என்னை வாசிக்கச் சொன்னார், வாசிச்சேன், நீயே வெச்சுக்கன்னார், சரிங்க சார்ன்னேன். அவ திரும்பி வந்தப்ப நாற்காலி மாறியிருந்துச்சு. இந்தப் பக்கத்து நாற்காலியில வந்து உக்காந்து எண்ணெய் ஊத்தி வால்வைத் துடைச்சா. அவங்க ஊரு சர்ச்சுச் சபையில அவங்க தாத்தா காலத்துல இருந்து குழாய் ஊதறவங்க, நடக்கறதுக்கு முன்னாலயே ஊதக் கத்துக்கிட்டவ அவ, நானு ஸ்கூல் பரேடுல பியூகிள் ஊதிட்டு வந்தவ. வாசிட்டி, நல்லா வாசின்னு மேடை ஏறறப்ப சொன்னா. அதை எப்படிச் சொன்னா. முகத்தைப் பாக்காம சொன்னா. நாப்பதா. நான் முப்பத்து மூணுல இருக்கேன், அவ நாப்பதுங்கறா.

முப்பத்தஞ்சு, ரெண்டு மூணு நாலு, இல்ல நாப்பத்து ரெண்டு, ரெண்டு மூணு நாலு. ரெண்டையும் எண்ணுவோம், ரெண்டு கயிறையும் விடாமப் புடிச்சுக்குவோம். முப்பத்தாறு நாப்பத்து மூணு. முப்பத்தேழு நாப்பத்து நாலு. அவளுக்குக் கணக்கு தவறாது, தவறி நான் பாத்ததே இல்ல. ஆனா என்னை ஏழு பார் முன்னாலயே ஊத வெச்சா யாருக்கு என்ன நஷ்டம். அவளுக்கு ஒன்னும் இல்ல, அவ பேரு புரோகிராம் தாள்ல இல்ல. என்ற பேருதான் இருக்குது. எல்லாரும் என்னைப் பாப்பாங்க, அவ குனிஞ்சு தன்ற தாளைப் பாத்துட்டு இருப்பா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளா அவ. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மெஸ்ல இருந்து கஞ்சி வாங்கிட்டு வந்து ஊட்டினவ. டிடெய்ன் ஆனதை ஹாஸ்டல்ல அவகிட்ட மட்டும்தான் சொன்னேன், நாற்காலி மாறறதுக்கு முன்னால, ராவெல்லாம் என்ற கூட முழிச்சிருந்தா. அது அப்ப. நாப்பத்து மூணு, அம்பது. முட்டி மேல அஞ்சு விரல். அவ கணக்குக்கு அம்பது. சரியா பத்து பார் கழிச்சுக் காட்டறா, பொய்யாக் காட்டறவளும் அப்படித்தான் காட்டுவா, நம்போணும்ல. சீ, என்ன புத்தி எனக்கு. நான் அவ எடத்துல இருந்தாச் சரியாக் காட்டுவனா. என்ற நாற்காலியை ஒருத்தி எடுத்துட்டு, என்ற வாசிப்பை ஒருத்தி வாங்கிட்டு, வெக்கமில்லாம முட்டியைப் பாத்தாக் காட்டுவனா. காட்ட மாட்டேன். காட்டாம இருக்கறதோட விடவும் மாட்டேன், தப்பாக் காட்டுவேன். அது எனக்குத் தெரியும், அதனாலதான் அவ விரலை நம்ப முடியல, அவ எப்படின்னு இல்ல, நான் எப்படின்னுதான். நாப்பத்தெட்டு அம்பத்தஞ்சு. அழுகை வருது. அழுதா உதடு வீங்கும், உதடு வீங்கினா மேல் சுரம் வராது, அழுவாத. அம்பத்து மூணு, அறுபது. கையை மூடிட்டா. இன்னும் பத்து. இல்ல இன்னும் பதினேழு. பத்து, பதினேழு. அப்பா முழிச்சுட்டார், முன்னால சாஞ்சு உக்காந்திருக்கார், கோட்டுக்காரர்கிட்ட என்னமோ கேக்கறார், அவரு புரோகிராமைக் காட்டறார், அப்பா விரலை வெச்சு ஒரு எடத்தைத் தொடறார், என்ற பேராத்தான் இருக்கும்.

ஜெஸ்லின் ஹார்னைத் தூக்கறா. அவ எதுக்குத் தூக்கறா, அவளுக்கு இன்னும் எத்தனையோ பார் ஓய்வு இருக்குது. எனக்குத் தெரியட்டும்னு தூக்கறா, தூக்கு, நேரம் ஆச்சுன்னு சொல்றா. நானும் தூக்கறேன். உதட்டுல பித்தளை ஒட்டுது. அறுபத்தொன்னு, அறுபத்தெட்டு. அறுபத்து ரெண்டு, அறுபத்தொம்பது. அவ மூச்சு வாங்கற சத்தம் கேக்குது, வேணும்னே எனக்குக் கேக்கற மாதிரி வாங்கறா. நானும் வாங்கறேன். நெஞ்சு நெறைய இருக்குது காத்து, மூணு வருசமாச் சேத்து வெச்ச காத்து. அறுபத்து மூணு, எழுபது, ரெண்டு, மூணு, நாலு. "இப்ப," அப்படின்னா அவ, உதட்டை அசைக்காம. இப்ப. ஊது. ஊது மிதுனா. ஏழு பார் முன்னாலயா இருந்தா. இருக்காது, ஊது. இருந்தா. ஒரு தட்டு போச்சு. மாரிம்பா, அதே நாலு சுரம், மேல ஒன்னும் இல்ல. நெஞ்சுல காத்து நிக்குது, உதடு தொறக்க மாட்டேங்குது, நான் தொறக்கச் சொல்றேன் அது தொறக்க மாட்டேங்குது. ரெண்டாவது தட்டு. அந்தத் தட்டு முடியறதுக்குள்ள என்ற இடது காதுக்குப் பக்கத்துல அது ஆரம்பிச்சுருச்சு. நான் ஊதோணும்னு நெனச்ச அதே சுரம், நான் பழகினதைவிடச் சன்னமா, எங்கயோ தூரத்துல இருந்து நடந்து வர்ற மாதிரி வந்து, நடுவுல அகலமாகி, ஆடிட்டோரியம் மொத்தமும் நெறஞ்சுருச்சு. விட்ட தட்டை யாருக்கும் தெரியாம ரெண்டாவது சுரத்துல சரி பண்ணிட்டா. நான் ஹார்னைக் கீழ இறக்கல. இறக்கினாத் தெரிஞ்சுரும். உதட்டுல வெச்சபடியே இருக்கேன், என்ற விரல் தானா வால்வை அமுக்கிட்டு இருக்குது, அவ போற எடத்துக்கெல்லாம் அதுவும் போகுது, காத்து மட்டும் இல்ல. எட்டு பார். ஒம்போதாவது பாருக்குப் புல்லாங்குழல் வந்துச்சு, அச்சா வந்து பொருந்துச்சு. அவ கணக்கு சரி. அவ எனக்குக் காட்டின ஒவ்வொரு விரலும் சரி. சார் கண்ணைத் தொறந்து எங்க பக்கம் பாத்தார். அவருக்குத் தெரியாதா, மூணு வருசமா ரெண்டு பேரு மூச்சையும் கேக்கறவரு. பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டார்.

அதுக்கப்பறம் எல்லாரும் சேந்து வாசிச்சோம், நானும் வாசிச்சேன், என்ன வாசிச்சேன்னு தெரியல. முடிஞ்சுது. கை தட்டறாங்க. சார் திரும்பி ஹார்ன் வரிசைக்குக் கையை நீட்டறார், தனியா வாசிச்சவங்களை எழுப்பி நிக்க வெக்கறது வழக்கம், கை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது, யாருன்னு அவரு சொல்லல. நான் ஜெஸ்லினைப் பாத்தேன். எந்திரி, நீ எந்திரி, உன்றது அதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அவ ஹார்னைத் திருப்பிக் குழாய்ல நின்ன தண்ணியைத் தரையில வடிச்சுட்டு இருக்கா, கண்ணு கலங்கியிருக்குது, கோவமா வருத்தமா எனக்குத் தெரியல. "எழும்புட்டி," அப்படின்னா, குனிஞ்சபடியே. "உங்க அப்பா பாக்காரு. எழும்பு." எந்திரிச்சேன். எல்லாரும் உக்காந்து தட்டறப்ப அப்பா மட்டும் எந்திரிச்சு நிக்கறார், நாலாவது வரிசையில, வெள்ளைச் சட்டையில, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தட்டறார், பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குதுன்னுகூடத் தோணாம. கோட்டுக்காரரோட தோளைப் புடிச்சு உலுக்கி என்னைக் காட்டறார். என்ன சொல்றார்னு இங்க கேக்காது, வாயைப் பாத்தாலே தெரியுது, அது என்ற பொண்ணுங்க. அது என்ற பொண்ணுங்க. பின்னால வரிசைக்கும் திரும்பிச் சொல்றார். இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ இறங்கிப் போயி அவரு முன்னால நிக்கோணும், வருசம் போச்சுப்பான்னு சொல்லோணும், எதுக்காகப் போச்சுன்னு கேட்டா அப்பறம் என்ன சொல்லுவேன். குனிஞ்சு கும்பிட்டேன். அப்பா கண்ணைத் துடைச்சுட்டு இன்னும் பலமாத் தட்டினார்.